ஹார்லிக்ஸ் பாட்டிலில் வந்த மண்: வாசகர் கேள்வி பதில்

பெட்ரோல் பங்க்குகளைச் சுற்றியுள்ள மண்ணைப் பற்றிச் சென்ற இதழில் நான்கே வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. சென்னையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை உரம், மாடித் தோட்டக் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு, பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். மண் மாதிரி எடுப்பது எனக்கு 29 ஆண்டுத் தொழில். மண்ணைத் துளைத்து எடுக்கும் ஆகர் கருவியைப் பிடித்துக் காய்த்துப்போன இடம் ஓய்வு பெற்ற பிறகும் உள்ளங்கையில் அப்படியே இருக்கிறது. நான் கையால் செய்து பார்த்ததை மட்டுமே இங்கே சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்பின் மதிலை ஒட்டியிருந்த பெட்ரோல் பங்க்கை மூடிவிட்டார்கள். இரண்டு பேர் வந்து மண்வெட்டியால் அரையடி தோண்டி, ஒரு பிளாஸ்டிக் பையில் மண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு 'மாசு இல்லை' என்று ஒரு தாளை எங்கள் சங்கச் செயலாளரிடம் காட்டினார்களாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே இடத்தில் நானே மண் எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். சோதித்துச் சொல்வீர்களா அம்மா?
– வாசகி, கொளத்தூர்

உங்கள் ஹார்லிக்ஸ் பாட்டில் பத்திரமாக வந்து சேர்ந்தது. மூடியைச் சுற்றி மூன்று சுற்று டேப், அதற்கு மேல் செய்தித்தாள், அதற்கும் மேல் பழைய துண்டு. எவ்வளவு அக்கறையோடு கட்டியிருக்கிறீர்கள் என்பது பிரிக்கும்போதே தெரிந்தது. உள்ளே முக்கால் பாகம் மண். மேலே மூன்று விரல் அளவு வெற்றிடம். கண்ணாடியின் உட்புறத்தில் பொடிப்பொடியாக நீர்த்துளிகள். மண்ணில் இரண்டு ஜல்லித் துண்டுகளும் ஒரு வேப்பங்கொட்டையும் இருந்தன. திறந்தபோது ஈரமண் வாடை மட்டுமே வந்தது.

அதை நான் ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் 'ஒன்றும் இல்லை' என்றுதான் பதில் வரும். அந்தத் தாள் நாளை உங்களுக்கு எதிராகவே நீட்டப்படும்.

பெட்ரோலில் நாம் முதலில் தேடுவது நான்கு பொருள்களை: பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன். இவற்றில் பென்சீன் மனிதருக்கு இரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக நிறுவப்பட்ட பொருள். நான்குமே காற்றுப் பட்டால் கிளம்பிப் போகிறவை. பங்க்கில் தரையில் சிந்திய பெட்ரோல் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடுகிறதல்லவா? மண்ணிலும் அதேதான் நடக்கிறது. வெயில் படும் மேல் அரையடி மண்ணில் பென்சீனைத் தேடுவது, சமைத்து மூன்று நாளான வீட்டில் ஆவி பறக்கிறதா என்று பார்ப்பதைப் போன்றது. அந்த இருவர் எடுத்துப்போன மண்ணில் ஒன்றும் கிடைத்திருக்காது. நீங்கள் அதே இடத்தில் எடுத்ததிலும் கிடைக்காது.

மாசு இருந்தால் அது கீழே இருக்கும். பங்க்கின் டேங்க் பூமிக்குள் புதைந்திருக்கிறது. அதன் மேல்முதுகே ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும். அடிவயிறு மூன்று, மூன்றரை மீட்டருக்குப் போய்விடும். துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் அடியில்தான் விழும். ஆகவே மண் எடுக்கும் குழி டேங்கின் அடியையும் தாண்டி, நீர்மட்டம் தொடங்கும் இடம்வரை இறங்கியாக வேண்டும். அரையடித் தோண்டல் வெறும் கண்துடைப்பு. அப்படி எழுத எனக்குத் தயக்கமே இல்லை.

முறையாக எடுப்பதை ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் ஒன்றேகால், ஒன்றரை மீட்டரைக் கையால்தான் தோண்ட வேண்டும். கீழே எரிபொருள் குழாய், மின்கம்பி, குடிநீர்க் குழாய் எது வேண்டுமானாலும் இருக்கலாம். இயந்திரத்தை எடுத்த எடுப்பில் இறக்கக் கூடாது. அதன் பிறகு ஆகரோ, மண்ணை உருளையாக வெட்டி மேலே கொண்டுவரும் குழாயோ உள்ளே போகும். மண் உருளை மேலே வந்ததும் எடுப்பவர் ஓட வேண்டும். அது வெளியே வந்த நொடியிலிருந்தே பென்சீன் போய்க்கொண்டிருக்கிறது. நுனியை வெட்டிய சிரிஞ்சை உருளையின் நடுவில் குத்தி, சுமார் 5 கிராம் மண்ணை இழுத்து, முன்பே மெத்தனால் ஊற்றி எடைபோட்டு வைத்த 40 மில்லி கண்ணாடிக் குப்பிக்குள் தள்ளி மூட வேண்டும். இது சில நொடி வேலை. குப்பியின் வாயில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் மூடி சரியாக உட்காராது. அதனால் மூடுவதற்கு முன் வாயைத் துடைக்கும் பழக்கம் விரல்களுக்கு வந்திருக்க வேண்டும். பிறகு நேராக ஐஸ் பெட்டி. 4 டிகிரி அளவிலேயே வைத்து ஆய்வகம் சேர்க்க வேண்டும். மெத்தனாலில் போட்டது 14 நாள் தாங்கும். வெறும் மண்ணாக வைத்தால் இரண்டு நாளுக்குள் ஆய்வு தொடங்கிவிட வேண்டும்.

பிளாஸ்டிக் பை கூடவே கூடாது. பெட்ரோல் ஆவி அதற்குள் ஊறும். அதை ஊடுருவி வெளியேயும் போகும். பல இடத்து மண்ணை ஒன்றாகக் கொட்டிக் கலக்கவும் கூடாது. வயல் மண்ணின் சத்தை அறிய நான்கு மூலையிலும் எடுத்துக் கலப்பது சரியான முறை. அந்தப் பழக்கத்தில் வந்தவர்கள் பங்க்கிலும் அதையே செய்துவிடுகிறார்கள். இங்கே கலக்கும்போதே தேடும் பொருள் பறந்துவிடும்.

இதை நான் இத்தனை அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, வடசென்னையில் ஒரு பங்க்கில் மண் எடுத்தோம். மே மாத நடுப்பகல். குப்பிகளை வேனின் பின்புறத் தட்டில் வரிசையாக வைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றாக மூடிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். மூடும் பொறுப்பு என்னுடையது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவை திறந்தே கிடந்தன. ஆய்வக முடிவில் எல்லாக் குப்பிக்கும் 'காணப்படவில்லை' என்று வந்தது. நிறுவனத்துக்கு மகிழ்ச்சி. அந்த ஆண்டு ஐப்பசி மழைக்குப் பிறகு, பங்க்குக்குப் பின்புறத் தெருவில் ஒரு வீட்டுக் கிணற்று நீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதந்தது. அந்த வீட்டில் ஒரு பாட்டி கிணற்றடியிலேயே என்னை நிற்க வைத்து, "நீதானம்மா அன்றைக்கு வந்து மண் எடுத்தாய்? ஒன்றுமில்லை என்றுதானே சொன்னீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து ஒரு குப்பியை மூடாமல் அடுத்த குப்பியைக் கையில் எடுத்ததில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சங்கத்தின் பெயரில் அந்தத் தாளின் முழு நகலையும் கேளுங்கள். எந்த இடத்தில், எத்தனை மீட்டர் ஆழத்தில், எந்த நாள் எத்தனை மணிக்கு, எந்தக் கலத்தில் எடுத்தார்கள், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற விவரம் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதையே எழுதி, கிண்டியில் உள்ள தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் மனு கொடுங்கள். மாசடைந்த இடங்களை அடையாளம் கண்டு ஆராய்ந்து சீராக்குவதற்கென்றே மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளைக் கொண்டுவந்திருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. மனுவில் அந்த விதிகளைக் குறிப்பிடுங்கள்.

ஆய்வறிக்கையில் பென்சீனுக்கு நேரே 'பி.டி.எல்.' என்று போட்டிருக்கிறது. இல்லை என்று பொருளா?
– வாசகர், அம்பத்தூர்

இல்லை. கருவி கண்டுபிடிக்கக்கூடிய அளவுக்குக் கீழே இருக்கிறது என்று மட்டுமே பொருள். அந்த அளவு என்ன என்பதைக் கேளுங்கள். பெரிய எழுத்துகளை மட்டுமே படிக்கத் தெரிந்த ஒருவர், சிறிய எழுத்தில் அச்சடித்த பக்கத்தைப் பார்த்து 'இதில் ஒன்றும் எழுதவில்லை' என்று சொன்னால் ஏற்பீர்களா? நீங்கள் ஒப்பிட நினைக்கும் வரம்பைவிடக் கருவியின் அளவு கீழே இருந்தால்தான் அந்த மூன்று எழுத்துக்கு மதிப்பு.

இன்னொன்றும் கேளுங்கள்: பயணக் குப்பியின் முடிவு என்ன? ஆய்வகம் தூய நீர் நிரப்பி மூடித் தரும் குப்பி அது. திறக்காமலே மற்றக் குப்பிகளோடு ஐஸ் பெட்டியில் போய்விட்டுத் திரும்பும். அதில் பென்சீன் தெரிந்தால் வழியில் ஏதோ கலந்திருக்கிறது என்று பொருள். பத்துக்கு ஒன்று அல்லது இருபதுக்கு ஒன்று என்று ஒரே இடத்தில் இரட்டை மாதிரியும் எடுத்திருப்பார்கள். இரண்டின் எண்ணும் மிகவும் விலகியிருந்தால் எடுத்த முறையைக் கேள்வி கேட்கலாம்.

பெரம்பூரில் என் தகப்பனார் காலத்தில் எங்கள் நிலத்தைப் பெட்ரோல் பங்க்குக்குக் குத்தகைக்கு விட்டிருந்தோம். 34 ஆண்டுகளுக்குப் பிறகு இப்போது திரும்பக் கிடைக்கிறது. வீடு கட்ட எண்ணம். எத்தனை இடத்தில் மண் எடுக்கச் சொல்ல வேண்டும்? எப்போது?
– வாசகர், பெரம்பூர்

ஐயா, 'எப்போது' என்பதற்கு முதலில் பதில் சொல்கிறேன். டேங்கை வெளியே தூக்கும் அந்த ஒரு நாளைத் தவறவிடாதீர்கள். குழி திறந்திருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் டேங்க் படுத்திருந்த மண்ணே கண்ணுக்கு எதிரே தெரியும். மாலைக்குள் மணல் கொட்டி மூடிவிடுவார்கள். அதன் பிறகு போர் போட்டுத் தேடுவது இருட்டில் ஊசி தேடுகிற வேலை.

அந்தக் குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது. பக்கவாட்டு மண் சரியும். அதோடு பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில் போய்த் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சேர்ந்தாலே தீப்பற்றும். பொக்லைன் வாளியால் டேங்கின் இரண்டு முனைக்கும் நேர் கீழே இருக்கும் மண்ணையும் குழியின் நான்கு சுவர் மண்ணையும் அள்ளச் சொல்லி, வாளி மேலே வந்ததும் மேற்பரப்பை வழித்துத் தள்ளிவிட்டு, நடுவிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். வாளியின் இரும்பைத் தொட்ட மண் வேண்டாம்.

டேங்கோடு நிறுத்திவிடாதீர்கள். டேங்கர் லாரி வந்து எரிபொருள் இறக்கிய இடம் ஒன்று. 34 ஆண்டுகளில் எத்தனை முறை குழாயைக் கழற்றியிருப்பார்கள், ஒவ்வொரு முறையும் ஒரு குவளை சிந்தியிருந்தாலும் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். பெட்ரோல் போடும் இயந்திரம் ஒவ்வொன்றின் அடியும் இன்னொன்று. டேங்கிலிருந்து இயந்திரத்துக்குப் போகும் குழாய் வளையும் இடம், இணையும் இடம் எல்லாம் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் டேங்கைவிடக் குழாய் இணைப்புகளே அதிகம் கசிந்திருக்கின்றன. பங்க்கில் வண்டி கழுவும் மேடையோ ஆயில் மாற்றும் பள்ளமோ இருந்திருந்தால் அங்கே கழிவு எண்ணெய்க்கான சோதனை தனியாக வேண்டும். கடைசியாக, பங்க்கின் எந்த வேலையும் நடக்காத ஒரு மூலையிலும் மண் எடுக்கச் சொல்லுங்கள். அந்த மண்தான் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

உங்கள் நிலத்துக்கு ஈயச் சோதனையும் அவசியம். சென்னையில் ஈயமற்ற பெட்ரோல் 1995இல்தான் வந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது 2000 பிப்ரவரியில். அதற்கு முன் சிந்தியதில் பென்சீன் எப்போதோ போயிருக்கலாம். ஈயம் ஆவியாகாது, மக்காது. பேரப்பிள்ளைகள் விளையாடப்போகும் மண் என்பதால் சொல்கிறேன். ஈயத்துக்கு மட்டும் மேல் மண்ணையும் கட்டாயம் எடுக்க வேண்டும்.

எத்தனை இடம் என்பதற்கு நான் எண் சொல்ல மாட்டேன். மேலே சொன்ன இடங்களை உங்கள் நிலத்தின் வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். எண் தானாக வரும். செலவைக் குறைக்க யாராவது 'மூன்று போதும்' என்றால், எந்த மூன்று, ஏன் மற்றவை வேண்டாம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சாவியை வாங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு வாதாடுவது கடினம்.

மண் எடுக்க மழைக்கு முன் நல்லதா, பின் நல்லதா? கல்லூரி ஆய்வுத் திட்டத்துக்காகக் கேட்கிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும்?
– மாணவி, மயிலாப்பூர்

நல்ல கேள்வி, மகளே. சென்னையில் இதைக் கேட்காமல் வேலையைத் தொடங்கவே கூடாது. பெட்ரோல் நீரைவிட இலேசானது. நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். நம் ஊரில் நீர்மட்டம் ஓரிடத்தில் நிற்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் மேலே ஏறும், கோடையில் இறங்கும். அதன் முதுகில் இருக்கும் பெட்ரோலும் ஆண்டுதோறும் கூடவே ஏறி இறங்கி, அந்த உயரம் முழுவதும் மண்ணில் பூசிக்கொண்டே போகும். எண்ணெய்ப் பாத்திரத்தில் எண்ணெய் குறையக் குறைய உட்சுவரில் பிசுக்கு நிற்கிறதே, அப்படித்தான். மழைக்காலத்தில் அந்தப் பூச்சு நீருக்குள் மூழ்கிவிடும். அதனால் நான் கோடையின் கடைசியில் மண்ணையும், மழை ஓய்ந்த தையில் கிணற்று நீரையும் எடுக்கச் சொல்வேன். ஒரே ஒரு முறைதான் முடியும் என்றால் கோடையைத் தேர்ந்தெடு. ஆனால் குழியைப் பழைய மழைக்கால நீர்மட்டத்திலிருந்து கோடை நீர்மட்டம்வரை அரை மீட்டருக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டே இறக்கு.

மண்ணும் இடத்துக்கு இடம் மாறும். கடற்கரையை ஒட்டிய மணலில் கசிவு நேராகக் கீழே இறங்கும். களிமண்ணில் அது இறங்காமல், குழாயைச் சுற்றிக் கொட்டிய மணலின் வழியாகவே பக்கவாட்டில் ஓடி, யாரும் எதிர்பாராத வீட்டின் வாசலில் போய் நிற்கும். பரங்கிமலைப் பக்கம் சார்னோகைட் பாறை. மேலே நைந்த பாறைப்பொடி, அதற்குக் கீழே வெடிப்புகள். வெடிப்புக்குள் புகுந்தால் அது போகும் திசையைச் சொல்வது கடினம்.

மற்றவை சின்ன விஷயங்கள். ஆனால் இவற்றில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். குப்பியின் மேல் எழுத மார்க்கர் பேனாவைத் தொடாதே. சில மார்க்கர் மையில் டொலுயீனும் சைலீனும்தான் கரைப்பான். நீ தேடும் பொருளை நீயே குப்பிக்குப் பூசிவிடுவாய். பென்சிலும் பால்பாயிண்ட் பேனாவும் போதும். மாதிரி எடுக்கும் நாளில் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போகாதே. நான் முந்தின நாளே போட்டுவிடுவேன், இல்லாவிட்டால் பஸ். ஒவ்வொரு மாதிரிக்கும் புதுக் கையுறை. ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குப் போகும்முன் ஆகரைச் சோப்புக் கரைசலில் தேய்த்து, குழாய் நீரிலும் பிறகு வாலை வடிநீரிலும் அலசு. எந்த ஆழத்து மண்ணை அனுப்புவது என்று முடிவு செய்ய, ஆவியை அளக்கும் பி.ஐ.டி. என்ற கைக்கருவி உதவும். ஜிப் வைத்த பையில் பாதி மண் போட்டு, கட்டிகளை உடைத்து, பத்து நிமிடம் விட்டுக் கருவியின் முனையைச் செருகிப் பார். எண் எங்கே உயர்கிறதோ அந்த ஆழம். பையில் போட்டுப் பார்த்த மண்ணையே ஆய்வகத்துக்கு அனுப்பிவிடாதே. அதே உருளையிலிருந்து முன்பே குப்பியில் எடுத்து வைத்ததைத்தான் அனுப்ப வேண்டும்.

வேலை முடிந்ததும் குழியைப் பெண்டோனைட் களி கொண்டு அடிவரை அடைத்துவிட்டு வா. திறந்து விட்ட குழி, மேலே சிந்துவது நேராக நிலத்தடி நீருக்கு இறங்கும் வழி. பங்க் உரிமையாளரின் எழுத்து அனுமதியும் பாதுகாப்பு ஆளும் இல்லாமல் உள்ளே கால் வைக்காதே.

எங்கள் வீட்டு போர் தண்ணீரில் இரண்டு வாரமாக மண்ணெண்ணெய் போல ஒரு வாடை. பங்க் 120 அடி தூரத்தில் இருக்கிறது. கொதிக்க வைத்துக் குடிக்கலாமா? ஆர்.ஓ. கருவி போதுமா?
– வாசகி, திருவான்மியூர்

கொதிக்க வைக்காதீர்கள். கிருமிக்குத்தான் கொதி. பென்சீன் கொதித்தால் பாத்திரத்தை விட்டு உங்கள் சமையலறைக் காற்றுக்குப் போகும். அங்கே நிற்பது நீங்கள். வீட்டு ஆர்.ஓ. கருவியையும் இதற்கு நம்ப முடியாது. அதிலுள்ள கரி கொஞ்ச நாள் பிடித்து வைக்கும். எப்போது நிரம்பியது என்று உங்களுக்குத் தெரியாது. இன்றே அந்த நீரைக் குடிக்கவும் சமைக்கவும் நிறுத்துங்கள். வெந்நீராக்கிக் குளிக்கவும் வேண்டாம். குடிநீர் வாரியத்தின் குழாய் நீரோ லாரி நீரோ வாங்கிக்கொள்ளுங்கள்.

குடிநீரில் பென்சீன் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. நாக்குக்கு அது தெரிய அரை மில்லிகிராமாவது வேண்டும். வரம்பைப் போல ஐம்பது மடங்கு. ஆகவே நாளை வாடை போய்விட்டாலும் சரியாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். சோதனைதான் வழி.

அந்தச் சோதனைக்கு நீர் எடுக்கும்போது மேல்நிலைத் தொட்டியிலிருந்து எடுக்க விடாதீர்கள். அங்கே ஏறும்போதே பாதி போயிருக்கும். மோட்டாருக்குப் பக்கத்துக் குழாயில், கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மெல்லிய ஒழுக்காகக் குறைத்து, 40 மில்லி குப்பியை விளிம்பு தாண்டிப் புடைக்கும் அளவுக்கு நிரப்பி மூட வேண்டும். மூடியதும் தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டிப் பாருங்கள். மிளகளவு குமிழி எழுந்தால்கூட வேறு குப்பி எடுக்கச் சொல்லுங்கள்.

120 அடி ஒரு தூரமே இல்லை, அதுவும் உங்கள் கடற்கரை மணலில். இப்போது பெட்ரோலோடு எத்தனாலும் கலக்கிறார்கள். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் பென்சீனைத் தின்னக்கூடியவை. எத்தனால் கிடைத்தால் அதை முதலில் தின்று, இருக்கிற ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பென்சீன் தப்பித்து இன்னும் தொலைவு போகும். பங்க்குக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே மழைநீர் சேகரிப்புத் தொட்டி ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பங்க்கின் தரையில் ஓடும் நீர் அதில் விழுந்தால், சிந்தியது எல்லாம் நேராக உள்ளே இறங்கும்.

சம்ப்பின் மூடியைத் திறந்து தீக்குச்சி கிழிப்பது, உள்ளே விளக்கோடு இறங்குவது வேண்டவே வேண்டாம். 2013இல் தண்டையார்பேட்டையில் பூமிக்கடிக் குழாய்க் கசிவால் வீட்டு போர்களில் எண்ணெய் வந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அங்கே முதலில் கண்டுபிடித்தது, உங்களைப் போலத் தண்ணீர் பிடித்த மக்கள்தான். பக்கத்து வீடுகளிலும் விசாரித்து, எந்த வீட்டில் எந்த நாள் வாடை தொடங்கியது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மண் எடுக்க வருகிறவருக்கு அந்த நோட்டு மிகப் பெரிய உதவி.

எங்கள் தெரு முனையில் புது பங்க் வருகிறது. தடுக்க முடியுமா?
– வாசகர், மடிப்பாக்கம்

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 வழிகாட்டுதலின்படி பள்ளி, பத்துப் படுக்கையோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனை, குடியிருப்புப் பகுதி ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடம் இல்லாத நிலையில் கூடுதல் பாதுகாப்போடு குறைக்கலாம். ஆனால் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது. அளந்து பாருங்கள். விதிப்படி சரியாக இருந்தால், டேங்க் புதைப்பதற்கு முன்பே அந்த நிலத்து மண்ணையும் உங்கள் கிணற்று நீரையும் சோதித்து முடிவைப் பத்திரப்படுத்தி வையுங்கள். பிற்காலத்தில் 'இது முன்பே இருந்தது' என்று யாரும் சொல்ல முடியாது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு பங்க்கில் மேலாளராக இருக்கிறேன். காலையில் டேங்குக்குள் அளவுகோலை (டிப் ராடு) இறக்கி டிப் பார்க்கும்போது பெட்ரோல் 20, 30 லிட்டர் குறைகிறது. ஆவியாகிப் போகிறது என்று முதலாளி சொல்கிறார். அப்படி இருக்குமா அம்மா?
– வாசகர், பூந்தமல்லி

தம்பி, பெயர் போடாமல் எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் எழுதியதற்கு நன்றி. நூறு பேர் மண் தோண்டிக் கண்டுபிடிப்பதை டிப் ராடு பிடிக்கிற ஒருவர் முன்கூட்டியே சொல்லிவிட முடியும்.

முதலாளி சொல்வது முழுப் பொய் அல்ல. பெட்ரோல் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு சுருங்கும். டேங்கில் 10,000 லிட்டர் இருந்தால் ஒரு டிகிரிக்குப் பத்து லிட்டர். பகலில் சூடான லாரியிலிருந்து இறக்கிய சரக்கு இரவில் பூமிக்குள் ஆறினால் இருபது, முப்பது லிட்டர் குறைவாகத் தெரிவது இயல்பு. ஆனால் லோடு வராத நாளிலும் அதே அளவு குறைந்தால் வெப்பநிலை மேல் பழி போட முடியாது. குறைவு எப்போதும் ஒரே பக்கமாகவே இருக்கிறதா, சில நாள் கூடவும் செய்கிறதா என்று பதிவேட்டில் பாருங்கள். அளவுப் பிழையென்றால் கூடும், குறையும். கசிவென்றால் குறைந்துகொண்டே இருக்கும்.

டிப் எடுக்கும்போது ராடின் நுனியில், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பேஸ்ட்டும் தடவுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு உரிய பேஸ்ட்டாக இருக்கட்டும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் டேங்கைச் சூழ்ந்து நிற்கும். ஓட்டை இருந்தால் நீர் உள்ளே வரும். கோடையில் நீர் இறங்கியதும் அதே ஓட்டை வழியாகப் பெட்ரோல் வெளியே போகும். மழையில் பேஸ்ட் நிறம் மாறி, கோடையில் சரக்கு குறைகிற டேங்கை நான் மூன்று இடத்தில் பார்த்திருக்கிறேன். மூன்றிலும் அடித்தகட்டில் துரு.

இரவு விற்பனை நிறுத்துகிற பங்க்காக இருந்தால் வேலை எளிது. கடை அடைத்ததும் ஒரு டிப், காலையில் முதல் வண்டிக்கு முன் ஒரு டிப். இரண்டு முறையும் டிப் ராடை ஒரே துவாரத்தில், செங்குத்தாக இறக்குங்கள். டேங்கின் வெப்பநிலையையும் குறியுங்கள். ஏழு இரவு தொடர்ந்து செய்து, எண்களைத் தேதியோடு எனக்கு அனுப்புங்கள். அதே தாளின் ஒரு நகலை முதலாளியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஏழு நாளும் குறைந்திருந்தால் எட்டாம் நாள் அந்த டேங்கைக் காலி செய்யச் சொல்லுங்கள். டேங்குக்கும் பின்பக்க வீடுகளுக்கும் நடுவில் முதல் குழி எங்கே இறக்க வேண்டும் என்பதை நானே வந்து காட்டுகிறேன்.